திரும்பும் தாள்

குலசேகரன் வீட்டு மின் இணைப்பின் பன்னிரண்டு இலக்க எண்ணை ஜெசிந்தா ஜெபமாலை மணிகளைப் போல மனத்துக்குள் உருட்டி உருட்டிப் பழகியிருந்தாள். பல் துலக்கும்போது அதைச் சொல்வாள். மில்லர்புரம் சிக்னலில் வண்டியோடு நிற்கும்போது சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பனிமய மாதா கோயிலில் முழங்காலில் நிற்கும்போது, கூப்பிடாமலே அந்த எண் உதட்டுக்கு வந்துவிடும். அங்கே மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

அந்த எண்ணுக்கு நேரே ஒரு சிறு கட்டம் இருந்தது. அதில் 'ஆம்' என்று பதிவாகியிருந்தது. சென்னையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன் தூத்துக்குடிக்கே திரும்பி வந்திருந்த அவள், அதை 'இல்லை' என்று மாற்றும் நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

மின்சாரம் போதாத கோடைகளில் முன்பெல்லாம் ஊரையே ஒருசேர அணைத்தார்கள். இப்போது வீடு வீடாக அணைக்கிறார்கள். எந்த வீட்டை, எத்தனை மணி நேரம் என்று மனிதர்கள் யாரும் முடிவு செய்வதில்லை. தென்கரை மின்பங்கீட்டு மையத்தின் கணினிகள் முப்பத்தெட்டு லட்சம் வீடுகளின் அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்துவிடும். ஒரே ஒரு கட்டம்தான் அவற்றின் கையைக் கட்டிப்போடும். 'இந்த வீட்டில் கருவியின் உதவியால் மூச்சுவிடுபவர் உண்டா?' என்ற கட்டம். அதில் 'ஆம்' என்று இருந்தால் எந்தக் கோடையிலும் அந்த வீடு அணையாது.

அந்த மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவளுடைய பிரிவின் தலைவர் ஷாகுல் ஒரு தட்டு நிறைய மக்ரூன் இனிப்போடு வந்து உட்கார்ந்தார். பெரிய உடம்பு, சிரித்த முகம், எப்போதும் ஏதாவது ஒரு பல்லில் வலி.

"எடுத்துக்கிடுங்க ஜெசி. எனக்கு ஆகாது, ஆனா வாங்காம இருக்க முடியல. சோலியச் சொல்லிருதேன். இங்க டேட்டாபேஸ்ல நாம யாரும் நேராக் கை வைக்க முடியாது. எதை மாத்தணும்னாலும் பொதியாக் கட்டணும். ஒவ்வொரு பொதியிலயும் ரெண்டு தாள். போகும் தாள்ல என்ன மாத்தப் போறோம்னு இருக்கும். திரும்பும் தாள்ல, தப்பாப் போச்சுன்னா எப்படிப் பழையபடி ஆக்குததுன்னு இருக்கும். ரெண்டும் இல்லாம தோணி ஏத்திக்கிடாது."

பொதிகளைச் சோதித்து, ஒத்திகை பார்த்து, உண்மையான அட்டவணைக்குக் கொண்டுபோய் இறக்கும் மென்பொருளுக்குத்தான் தோணி என்று பெயர். துறைமுக ஊரில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

"எல்லாத்தையும் தோணியே பாத்துக்கிடும்னா, வாசிப்புன்னு ஒண்ணு இருக்காமே, அது எதுக்கு?" என்று கேட்டாள்.

ஷாகுல் மக்ரூனை எடுத்து, மனம் மாறி, தட்டிலேயே வைத்தார். "அதுவா. பொதி கட்டினவங்க ஒருத்தருக்கு எதிர்ல உக்காந்து, ரெண்டு தாளையும் ஒரு வரி விடாம வாய்விட்டு வாசிக்கணும். கேக்குதவங்க கடைசில 'கேட்டேன்'னு சொன்னாத்தான் பொதி ஏறும். வேற எந்த ஊர்லயும் இப்படிக் கெடையாது, சிரிப்பாங்க. நம்மகிட்ட மட்டும் இருக்கு. ஒண்ணர வருஷத்துக்கு முன்னால இங்க ஒரு விபத்து நடந்துச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க. பதினோரு பேரு."

"பேப்பர்ல படிச்சேன்" என்றாள் ஜெசிந்தா.

"அந்த வருஷம் மழை நல்லா இருந்துச்சு. நாலு மாசம் எங்கயும் மின்வெட்டே இல்ல. மின்வெட்டு இல்லைன்னா அந்தக் கட்டத்தப் படிக்க யாருக்கு என்ன வேலை? தோணி பாத்துச்சு. 'நூத்திருபது நாளா இதை யாரும் படிக்கலை, நீக்கிரலாமா'ன்னு கேட்டுச்சு. நீக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"திரும்பும் தாள் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. அதான் கொடுமை. திரும்பும் தாள்ல 'அந்தக் கட்டத்த மறுபடி உண்டாக்கு'ன்னு சரியாத்தான் எழுதியிருந்தாங்க. ஒத்திகைலயும் சரியா வந்துச்சு. ஒத்திகைக்கு வச்சிருந்த நகல்ல ஒரு வீட்டுக்கும் 'ஆம்' கெடையாது, நோயாளிங்க விவரம் வெளிய போயிரக் கூடாதுன்னு எல்லாத்தையும் 'இல்லை'ன்னு போட்டு வச்சிருந்தாங்க. பெறகு மார்ச் ஒம்பதாந் தேதி மொத மின்வெட்டு. கட்டத்தக் காணோம்னு கணினி தடுமாறுச்சு. தோணி நாப்பதே செகண்டுல தானாவே திருப்பிருச்சு. கட்டம் வந்துருச்சு. உள்ள இருந்தது வரல. முப்பத்தெட்டு லட்சம் வீட்டுக்கும் 'இல்லை'. திரையெல்லாம் பச்சை. மூணு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல."

"கையெழுத்துப் போட்டது யாரு?"

ஷாகுல் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினார். ஓரத்து மேசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கூன் விழுந்த முதுகோடு, ஒரு தாளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "நம்ம குலசேகரன் அண்ணாச்சி. விசாரணை முடிஞ்சு மத்த எல்லாரையும் வெளியூருக்குத் தூக்கி அடிச்சாங்க. நான்லாம் பெறகு வந்தவன். இவரு மட்டும் பதவி எறங்கி இங்கயே இருக்காரு. இந்த வாசிப்பு வழக்கம் அவரு கொண்டுவந்ததுதான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வாய் முழுக்க மண் போல இருந்தது.

இறந்த பதினோரு பேரில் ஒருத்தி ரெஜினா, அவளுடைய அக்கா. தெர்மல் நகர்ப் பள்ளியில் ஆசிரியை. அம்மா போன பிறகு ஜெசிந்தாவைப் படிக்கவைத்தவள். நுரையீரல் கெட்டுப்போய், நாற்பத்தாறு வயதில் மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள். அன்றைக்கு மின்சாரம் போனதும் மாற்று பேட்டரி ஐம்பது நிமிடம் தாங்கியது. அதன்பின் புகார் எண்ணை அழைத்தாள். எடுத்தது கணினிக் குரல். அந்த உரையாடலின் பதிவு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு நிமிடம் நாற்பது நொடி.

'உங்கள் இணைப்பு முன்னுரிமைப் பட்டியலில் இல்லை' என்று அந்தக் குரல் மூன்று முறை சொல்கிறது. மூன்று முறையும் ரெஜினா, "தம்பி, கொஞ்சம் மறுபடி பாருங்க தம்பி" என்கிறாள். எந்திரம் என்று தெரியாமல் இல்லை. யாரோடு பேசினாலும் அப்படிப் பேசித்தான் அவளுக்குப் பழக்கம்.

ஜெசிந்தா தினமும் காலையில் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். மற்றவர்கள் காபி குடிப்பதுபோல.

இறந்தவர்களில் பத்துப் பேருடைய பெயர்கள் விசாரணை அறிக்கையில் இருந்தன. பதினோராவது குடும்பம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக ஒரு வரி இருந்தது. ஜெசிந்தா மாதாவுக்கு முன் வாராவாரம் பதினோரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். கடைசி மெழுகுவர்த்தியை ஏற்றும்போது சொல்லப் பெயர் இல்லாததால், "அவங்களுக்கும்" என்று மட்டும் சொல்வாள். கோபத்திலும் அவள் விடாத ஒரு நல்ல பழக்கம் அது. அதைப் பற்றி அவள் பெருமைப்பட்டதும் இல்லை, யோசித்ததும் இல்லை.

முதல் மாதத்தில் அவளுக்குக் குலசேகரனின் வேலையைப் பறிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. பிறகு ஒருநாள் பழைய குறிப்புகளைத் தோண்டியபோது ஒன்றைக் கண்டாள். மார்ச் ஒன்பதாம் தேதி எல்லாக் கட்டங்களும் 'இல்லை' ஆன பிறகு, முதன்முதலாகக் கையால் நிரப்பப்பட்ட கட்டம் ஒன்று இருந்தது. மாலை ஆறு பத்துக்கு அதில் 'ஆம்' என்று போட்டிருந்தார்கள். போட்டவர் குலசேகரன். வீடும் குலசேகரனுடையது.

அன்று எந்தெந்த வீடுகள் அணைந்தன என்ற குறிப்பை விசாரணைக் குழு எடுத்துப் பூட்டிவிட்டது. அதனால் அவளுக்கு அதற்குமேல் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை என்று நினைத்தாள். தன் வீட்டை முதலில் காப்பாற்றிக்கொண்டு, பிறகுதான் ஊரைப் பார்த்திருக்கிறார். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

"அவரு வீட்ல யாருக்காவது ஒடம்புக்கு முடியலையோ?" என்று ஷாகுலிடம் சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"மிஷின் வச்சிருக்காங்கன்னு கேள்வி. அஞ்சரை ஆனா ஓடிருவாரு, 'மிஷினப் பாக்கணும்'பாரு. நான் தோண்டிக் கேக்குததில்ல."

அந்த வீட்டு மீட்டரைப் பார்த்தாள். இரவும் பகலும் முன்னூற்று ஐம்பது வாட், ஒரு கணமும் குறையாமல். ரெஜினாவின் கருவியும் அதே அளவுதான் இழுக்கும். அங்கே ஓர் உயிர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அது மனைவியா, தாயா என்று அவள் விசாரிக்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் கை நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த உயிர் ஒரு தப்பும் செய்யவில்லைதான். அக்கா மட்டும் என்ன தப்பு செய்தாள்?

குலசேகரன் அவளிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு வாசலுக்குப் போய், வெயிலில் நிற்கும் அவளுடைய வண்டியை வேப்பமர நிழலுக்குத் தள்ளிவைத்துவிட்டு வருவார். வெயில் கொடுமையான நாள்களில் எல்லார் மேசையிலும் ஒரு மோர்ப் பாக்கெட் இருக்கும், அவர் வைத்ததுதான். ஜெசிந்தா மோரைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவாள். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போய், நிழலில் இருக்கும் வண்டியை வெயிலுக்கே தள்ளிவைத்துவிட்டு வருவாள். மாலையில் சீட் தொடையைச் சுடும். அந்தச் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். அவள் மட்டும் சார் என்பாள்.

"ஏம்மா, ஒன் வண்டிய யாரோ தெனமும் வெயிலுக்குத் தள்ளி வைக்காங்க" என்று ஒருநாள் கவலையாகச் சொன்னார். "செக்யூரிட்டிகிட்டச் சொல்லியிருக்கேன். எவன்னு பாத்துச் சொல்லுதேன்னான்."

"சரி சார்" என்றாள்.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு பெரிய பொதி ஏறும். கருவி இனித் தேவைப்படாத வீடுகளின் கட்டங்களைத் திருத்தும் பொதி. குடும்பங்கள் தெரிவித்த தகவலை வைத்துத் தயாரிப்பது. வீட்டு எண், புதிய பதிவு, காரணம் என்று ஒரு வரிக்கு மூன்று விவரம். குணமானார், வீடு மாறினார், காலமானார். இந்த ஆண்டு இருநூற்றுப் பதினான்கு வீடுகள். பொதியைக் கட்டும் வேலை ஜெசிந்தாவுக்கு வந்தது.

அவள் இருநூற்றுப் பதினைந்து வரிகள் எழுதினாள்.

எண் வரிசையில் அது நூற்று முப்பத்தேழாவது வரியாக அமைந்தது. வீட்டு எண். இல்லை. காரணம்: காலமானார். இன்னும் நடக்காததை முன்கூட்டியே எழுதியபோது அவளுடைய கை நடுங்கவில்லை. அதைக் கண்டு அவளுக்கே ஒரு கணம் பயமாக இருந்தது. திரும்பும் தாளில் மற்ற எல்லா வீடுகளுக்கும் பழைய பதிவை மீட்கும் வரியை ஒழுங்காக எழுதினாள். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இடத்தை வெறுமையாக விட்டாள். அக்காவுக்குத் திரும்பி வந்த கட்டமும் வெறுமையாகத்தான் வந்தது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வாசிப்பு. ஒரு மணிக்குத் தோணி கிளம்பும். மூன்று மணிக்கு, குலசேகரனின் வீடு இருக்கும் மில்லர்புரம் பகுதிக்கு மின்வெட்டு. கேட்க வேண்டியவர் ஷாகுல். எண்களைக் கேட்டுக்கொண்டே அவர் பல்லைத் தடவிக்கொண்டிருப்பார், ஒரு எண்ணும் அவருக்கு ஒன்றும் சொல்லாது.

அன்று காலை ஷாகுலிடமிருந்து குரல் செய்தி வந்தது. வாயில் பஞ்சோடு பேசியிருந்தார். "ஜெசி, கடவாப் பல்லு. இன்னைக்கே புடுங்கணுங்காரு டாக்டர். வாசிப்புக்கு அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன். அவரு பொறுமையாக் கேப்பாரு. எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க, ஊசின்னாலே எனக்கு ஆகாது."

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை எடுத்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. தன் வீட்டு எண் எவருக்கும் தெரியாமல் இருக்காது. பிறகு வேறொரு எண்ணம் வந்தது. கேட்கட்டும். தன் காதாலேயே கேட்கட்டும். தடுத்தால் அந்த இடத்திலேயே முகத்துக்கு நேராக அக்காவின் பெயரைச் சொல்லி, அந்த ஒரு நிமிடம் நாற்பது நொடியையும் போட்டுக் காட்டுவேன். எட்டு மாதமாக நெஞ்சில் கட்டிவைத்திருந்தது, இதைவிட நல்ல இடத்தில் அவிழாது.

வாசிப்பு அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குவளை. குலசேகரன் முன்பே வந்து உட்கார்ந்து, குவளையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்.

"எரநூறு வரிக்கு மேல. தொண்டை காஞ்சிரும். நிறுத்தி நிறுத்தி வாசிம்மா, அவசரம் இல்ல."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். எண், இல்லை, குணமானார். எண், இல்லை, காலமானார். எண், இல்லை, காலமானார். ஒவ்வொரு காலமானாருக்கும் குலசேகரன் தலையை மிக லேசாகத் தாழ்த்தி நிமிர்ந்தார். அது அவருடைய பழக்கம் என்று தெரிந்தது. அறுபதாவது வரியில் அவள் தண்ணீர் குடிக்க மறுத்தாள். நூறாவது வரியில் அவளுடைய குரல் உறுதியாக இருந்தது. நூற்று முப்பத்தாறு. மூச்சை இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டு இலக்கங்களையும் ஒன்றொன்றாக, பள்ளிக்கூடத்தில் அக்கா சொல்லித்தந்ததுபோலத் திருத்தமாக உச்சரித்தாள்.

"இல்லை. காரணம், காலமானார்."

தலை தாழவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார். "அந்த நம்பர மறுபடி வாசிம்மா."

அவரது கண்களைப் பார்த்துக்கொண்டே மறுபடி வாசித்தாள். தாள் அவளுக்குத் தேவைப்படவில்லை.

குலசேகரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள். கோபமாக எழுவார். அல்லது பயந்து கையைப் பிடிப்பார். அவள் இரண்டுக்கும் தயாராக இருந்தாள்.

"ரெண்டு மே மாசம் வந்துட்டுப் போச்சு" என்றார் அவர். "ரெண்டு தடவையும் நானே சேக்கணும்னு நெனச்சேன். கை வரல. தப்பான பதிவுன்னு தெரியும், ஆனாலும் கை வரல. இத்தன பேரு இருக்காங்க, ஒருத்தரும் கவனிக்கல. நீ கவனிச்சிருக்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டு என்னச் சங்கடப்படுத்தாம, நீயா எழுதியிருக்க." கண்ணாடியை மேசையில் நேராக வைத்தார். "நல்லா இருப்பம்மா."

ஜெசிந்தாவுக்கு முதலில் அந்தச் சொற்கள் வேறு யாருக்கோ சொல்லப்படுவதாகத் தோன்றியது.

"ஒங்க வீட்ல..." என்று தொடங்கி நிறுத்தினாள். "எப்ப சார்?"

"அன்னைக்குத்தான். மார்ச் ஒம்போது." மேசையில் இருந்த கண்ணாடியின் காதை மடக்கி விரித்தார். "ஆறு மணிக்குத்தான் விஷயம் தெரிஞ்சுது. மொதல்ல வீட்டுக் கட்டத்த நெரப்பிட்டு, மனப்பாடமாத் தெரிஞ்ச இன்னும் நாலஞ்சு வீட்டையும் நெரப்பிட்டு ஓடினேன். கதவத் தொறந்தா மிஷின் ஓடிட்டு இருக்கு. கரண்டு வந்துருச்சுல்ல, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. பச்சை லைட்டு. வீட்டுக்காரி செண்பகம் சாஞ்சு உக்காந்திருந்தா. தூங்குதான்னுதான் நெனச்சேன். ஸ்ரீவைகுண்டத்துல அவ அண்ணன் வீட்ல வச்சு எல்லாத்தையும் முடிச்சோம். இங்க யாருக்கும் தெரியாது."

"அறிக்கைல பேரு இல்லையே."

"நாந்தான் வேண்டாம்னு கேட்டேன்."

"ஏன்?"

"பேரு போட்டா எம்மேல எல்லாரும் எரக்கப்படுவாங்க. பாவம், அவனுக்கும்தான் போச்சும்பாங்க. மிச்சம் பத்து வீட்டுக்காரங்களும் யாரு மேல கோவப்படுவாங்க? தோணி மேலயா? அவங்களுக்குக் கோவப்பட ஒரு ஆளாவது வேணும்ல."

அறைக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். ஜெசிந்தாவின் கையில் இருந்த தாள் ஈரமாகியிருந்தது. வாராவாரம் பதினோராவது மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, அடுத்த நொடியே எழுந்துவந்து இவருடைய வீட்டு எண்ணை உருட்டியிருக்கிறாள். அந்த மெழுகுவர்த்தி செண்பகத்துக்கு எரிந்திருக்கிறது.

"திரும்பும் தாளக் குடு" என்று கை நீட்டி வாங்கினார். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "மத்த எல்லாத்துக்கும் எழுதியிருக்க. இதுக்கு மட்டும் எடத்த விட்டிருக்க." சற்று நேரம் அந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்திருந்தார். "சரிதான். இதுக்கு ஏது திரும்பும் தாள்."

பேசாமல் இருந்துவிடலாம். அவ்வளவுதான் வேண்டும். இன்னும் எழுபத்தெட்டு வரிகளை வாசித்துவிட்டு எழுந்து போகலாம். அவர் உயிரோடு இருக்கும் வரை அவளை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு, வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். அந்த நன்றி எட்டு மாதக் கோபத்தைவிடக் கனமாக அவள்மேல் வந்து உட்கார்ந்தது. அதைச் சுமந்துகொண்டு மாதாவுக்கு முன்னால் முழங்காலிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒங்க வீட்டு மீட்டரப் பாத்தேன்" என்றாள். "ராவும் பகலும் மிஷின் ஓடுது."

"அந்தச் சத்தம் இல்லாமத் தூக்கம் வரமாட்டேங்குது. பன்னண்டு வருஷப் பழக்கம். அதான் மிஷின அணைக்குததே இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். எண்களைத் தினமும் ஒத்துப்பார்த்தே தலைநரைத்த மனிதர் அவர். "மிஷின் ஓடுதுன்னு தெரிஞ்சா, ஆளு இருக்குன்னுல்ல நெனச்சிருப்ப."

"ஆமா."

"நெனச்சுமா எழுதினே?"

"நெனச்சுத்தான் எழுதினேன். இன்னைக்கு மூணு மணிக்கு ஒங்க வீடு அணையணும்னு எழுதினேன். நீங்க வீட்டுக்குப் போயிக் கதவத் தொறக்கணும்னு எழுதினேன். நான் ரெஜினாவோட தங்கச்சி."

குலசேகரன் இரண்டு கைகளையும் மேசையின் விளிம்பில் வைத்துக்கொண்டார். அவள் தொடாமல் விட்டிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொஞ்சம் குடித்தார்.

"தெர்மல் நகர் டீச்சர். அந்தக் கம்ப்யூட்டர்க் குரலத் தம்பின்னு கூப்பிடுவாங்க."

ஜெசிந்தா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"புகார் எண்ணுக்கு வந்தது ஒம்பது போன். ஒம்பதையும் நான் கேட்டிருக்கேன். எத்தன தடவைன்னு கணக்கு இல்ல. அவங்க சொன்னது எல்லாத்தையும் கேக்க வேண்டிய நேரத்துல கேக்க ஒரு மனுஷக் காது இல்ல. அதுக்கப்புறம்தான் இந்த வாசிப்ப வைக்கச் சொன்னேன். தப்பு எதுவா இருந்தாலும் தோணி ஏறுததுக்கு முன்னால ஒரு மனுஷன் முன்னாடி வாய்விட்டுச் சொல்லிரணும்." குவளையைக் கீழே வைத்தார். "செண்பகம் இருந்திருந்தா?"

"செத்திருப்பாங்க."

"ம்."

ஜெசிந்தாவின் கோபம் போய்விடவில்லை. உட்கார இடம் பறிபோன மனிதரைப் போல அது அந்தச் சின்ன அறையில் நின்றது. கையெழுத்துப் போட்ட கை எதிரிலேயே இருந்தது. அந்தக் கைதான் அக்காவின் மூச்சை அணைத்தது. அந்தக் கைதான் அதன் சொந்த வீட்டையும் அணைத்தது. இரண்டும் உண்மையாகவே இருந்தன, ஒன்று மற்றொன்றைச் சிறிதாக்கவில்லை.

"அந்த வரிய எடுத்துருதேன்" என்றாள்.

"வேண்டாம். அது சரியான திருத்தம். இருக்கட்டும்." திரும்பும் தாளை அவள் பக்கமாகத் தள்ளினார். மேலே ஒரு பேனாவையும் வைத்தார். "இதுல எழுது. எடத்த விடாத."

"இதுக்கு ஏதுன்னு சொன்னீங்களே."

"அது நீ பேசுததுக்கு முன்னால சொன்னது. எல்லாத்துக்கும் திரும்பும் தாள் வேணும்மா. எழுது."

அவள் எழுதினாள். வீட்டு எண். ஆம். எழுத்து கோணலாக வந்தது. மேசைக் கணினியிலும் அந்த வரியைச் சேர்த்தாள். பிறகு போகும் தாளை எடுத்து நூற்று முப்பத்தேழாவது வரியின் காரணத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

"மொதல்லேருந்து வாசி" என்றார். "நடுவுல நின்னா மொதல்லேருந்துதான்."

மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். நூற்று முப்பத்தேழில், "இல்லை. காரணம், செண்பகம் காலமானார்" என்றாள். குலசேகரனின் தலை லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. திரும்பும் தாளின் கடைசி வரியை அவள் முடித்தபோது பன்னிரண்டு ஐம்பது.

"கேட்டேன்" என்றார் குலசேகரன்.

ஒரு மணிக்குத் தோணி கிளம்பியது. குலசேகரன் வழக்கம்போல வாசலுக்குப் போய்விட்டு வந்தார். மூன்று மணிக்கு மில்லர்புரம் பகுதியின் வீடுகள் திரையில் புள்ளி புள்ளியாக அணையத் தொடங்கின. குலசேகரன் தன் மேசையிலிருந்து எழுந்துவந்து பெரிய திரையின் முன் நின்றார். எந்தப் புள்ளி என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக அது அணைந்தது. மோர்ப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா பக்கத்தில் போய் நின்றாள். ஆறுதலாக எதையும் சொல்ல அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மோரை மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

ஐந்தரை மணிக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் வேப்பமரத்தடியில் அவளுடைய வண்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் வியப்போடு நின்றார்.

"பாத்தியா. இன்னைக்கு எவனும் தள்ளல."

ஜெசிந்தா சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

"இனிமே தள்ளமாட்டாங்க, அண்ணாச்சி" என்றாள்.